மூன்று ஆப்டிமஸ் பிரைம், ஒரே மேசை: எதை வாங்கலாம்?

உருமாறும் ரோபோ பொம்மை ஒன்று கைக்கு வந்தால் முகம், வண்ணம், துப்பாக்கி எல்லாம் எனக்கு அப்புறம்தான். முதலில் மூட்டுகளை அசைத்துப் பார்ப்பேன். பிறகு வண்டியாக மாற்றி, முன்பக்கத்தை மட்டும் பிடித்துத் தூக்குவேன். பின்பக்கம் தொங்கினால் அந்தப் பொம்மையிடம் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். சிங்கப்பூரின் துவாஸில் பிளாஸ்டிக் வார்ப்புத் தொழிற்சாலை ஒன்றில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். மருத்துவக் கருவிகளுக்குப் போகும் சின்னச் சின்னப் பாகங்களை அளப்பதும் சோதிப்பதும் என் வேலை. பொம்மையைப் பார்க்கும்போதும் அதே கண்தான், மாற்றிக்கொள்ள முடிவதில்லை, மாற்றிக்கொள்ளவும் விருப்பமில்லை.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பவை ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ் நாயகன் ஆப்டிமஸ் பிரைமின் மூன்று பொம்மைகள். 2011ல் டகாரா டோமி வெளியிட்ட மாஸ்டர்பீஸ் எம்பி-10, 2020ல் வந்த எர்த்ரைஸ் வரிசையின் லீடர் எனப்படும் பெரிய அளவுப் பொம்மை, 2024ல் வந்த மிஸ்ஸிங் லிங்க் சி-01. மூன்றுமே சிவப்பு முகப்பு லாரி, மூன்றுக்கும் பின்னால் இழுத்துச் செல்ல ஒரு பெட்டி வண்டி. ஒரே ஆளை மூன்று விதமாகச் செய்திருப்பதால், எங்கே மெனக்கெட்டார்கள், எங்கே காசை மிச்சம் பிடித்தார்கள் என்பது பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே தெரிந்துவிடும்.

பின்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானின் டகாரா நிறுவனம் 1980ல் டயக்ளோன் என்ற வரிசையைத் தொடங்கியது. அதில் ஹிரோயுகி ஒபாரா வடிவமைத்த பேட்டில் கான்வாய் என்ற லாரியைத்தான் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ 1984ல் ஆப்டிமஸ் பிரைம் என்ற பெயரில் கொண்டுவந்தது. டகாராவும் டோமியும் 2006ல் இணைந்தன. ஜப்பானில் இவனுக்குக் கான்வாய் என்றும் பெயர். எம்பி-10 பெட்டியிலும் சி-01 பெட்டியிலும் அந்தப் பெயரைப் பார்த்து வேறு பொம்மை என்று திருப்பி வைத்துவிடாதீர்கள்.

அந்த 1984 பொம்மையை இன்று எடுத்துப் பார்த்தாலும் எனக்கு மரியாதை வருகிறது. கைமுஷ்டிகளைக் கழற்ற வேண்டும், தலையை உள்ளே தள்ள வேண்டும், கால்களைப் பின்னால் மடக்க வேண்டும், லாரி தயார். லாரியின் கண்ணாடி ரோபோவின் நெஞ்சு, லாரியின் பின்பகுதி ரோபோவின் கால். ஒரு பாகமும் வீணாக எங்கேயும் ஒளிந்துகொள்ளவில்லை. வண்டியில் வேலை செய்த பாகமே ரோபோவிலும் வேலை செய்கிறது. நல்ல உருமாற்றத்துக்கு என்னிடம் இருக்கும் அளவுகோல் இதுதான். பின்னால் வந்த எல்லா ஆப்டிமஸையும் இதை வைத்துத்தான் எடைபோடுகிறேன்.

முதலில் எம்பி-10. சுமார் 24 சென்டிமீட்டர் உயரம். கையில் எடுத்ததும் கனம் தெரியும். மாஸ்டர்பீஸ் வரிசையின் முதல் பொம்மை 2003ல் வந்த எம்பி-01. அதுவும் இவனேதான், இதைவிடப் பெரியவன், உலோகம் நிறைய. ஆனால் அந்தப் பொம்மையோடு இழுவைப் பெட்டி வரவில்லை. எம்பி-10ல் அளவைக் குறைத்தார்கள், பெட்டியையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அளவைக் குறைத்ததுதான் பெரிய முடிவு. அதற்குப் பிறகு வந்த மாஸ்டர்பீஸ் கார்கள் எல்லாம் இவனுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் பொருந்துகிற அளவில் வந்தன. 2012ல் வந்த எம்பி-12 லாம்போர் லம்போர்கினி நிறுவனத்தின் முறையான அனுமதியோடு செய்யப்பட்ட கவுண்டாக் கார். இரண்டையும் சேர்த்து நிறுத்திப் பார்த்தால் அந்த அளவு முடிவு எவ்வளவு சரியானது என்று புரியும்.

இப்போது உருமாற்றம். முஷ்டிகள் முன்கைக்குள் மடிந்து போய்விடுகின்றன, கழற்றித் தொலைக்க வேண்டியதில்லை. இடுப்பு மூட்டில் ராட்செட் இருக்கிறது. காலை அசைத்தால் பல்லுக்குப் பல் டக், டக் என்று நின்று நின்று நகரும். இந்த எடைக்கு வெறும் உராய்வை மட்டும் நம்பியிருந்தால் சில வருடங்களில் கால் விரிந்து பொம்மை உட்கார்ந்துவிடும். நெஞ்சு ஜன்னல்கள் இரண்டாகத் திறக்கும், உள்ளே கதையில் அவன் நெஞ்சில் சுமக்கும் சக்திப் பொருளான மேட்ரிக்ஸ் இருக்கும், வெளியே எடுக்கலாம். ரோபோவின் நெஞ்சில் இருக்கும் அதே கண்ணாடிதான் லாரி ஓட்டுநரின் முன் கண்ணாடியும். நெஞ்சுக்கென்று தனியாகப் போலி ஜன்னல் ஒன்றை வைத்து, நிஜ ஜன்னலை முதுகில் மடித்துவிடும் குறுக்கு வழியை இதில் எடுக்கவில்லை. அதனால்தான் இது என் பட்டியலில் மேலே இருக்கிறது.

ஒரு விஷயத்தைக் கிட்டத்தில் காட்ட ஆசை. லாரியாக மாற்றும்போது இரண்டு கால்களும் ஒட்டிச் சேர வேண்டும். ஒரு காலின் உட்புறத்தில் சின்ன முளை, மறு காலில் அதற்கான குழி. விளக்கை அருகில் கொண்டுபோய் அந்த முளையைப் பாருங்கள். நுனி லேசாகச் சரிவாக இருக்கும். அந்தச் சரிவு இருப்பதால்தான் முளை குழியைத் தேடித் தானே நுழைகிறது, கடைசி அரை மில்லிமீட்டரில் மட்டும் இறுகுகிறது. நேராக வெட்டிய முளையாக இருந்தால் ஒவ்வொரு முறையும் விளிம்பில் இடிபட்டு, கொஞ்ச நாளில் வெள்ளைத் தழும்பு விழும். ஏபிஎஸ் பிளாஸ்டிக் அழுத்தம் தாங்காமல் போனால் வெளுத்துக் காட்டும், அது அந்தப் பிளாஸ்டிக்கின் குணம். என்னிடம் இருக்கும் எம்பி-10ஐ வருடக்கணக்காக மாற்றிக்கொண்டிருக்கிறேன், அந்த முளையைச் சுற்றி ஒரு வெளுப்பும் இல்லை. இந்தச் சரிவைப் பெட்டியில் யாரும் விளம்பரப்படுத்த மாட்டார்கள். அச்சு செய்கிறவர் இதற்காக நேரம் செலவழித்திருக்கிறார், அதற்கு நான் காசு கொடுக்கிறேன்.

குறை இல்லாமல் இல்லை. தோளில் நிற்கும் புகைக்குழாய்கள் மாற்றும்போது கைக்கு இடைஞ்சல். பெட்டி வண்டி திறந்து போர்த்தளமாவது பார்க்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஒருமுறை திறந்து வைத்துவிட்டு மூடிவிடுவோம், அவ்வளவுதான்.

எம்பி-10ஐப் புகழ்ந்தால் உடனே வரும் கேள்வி, 2019ல் வந்த இன்னொரு ஆப்டிமஸான எம்பி-44 இதைவிடச் சிறந்ததில்லையா என்பது. நண்பர் வீட்டில் ஒரு மாலை முழுக்க அதைக் கையில் வைத்திருந்தேன். ரோபோவாக நிற்கும்போது கண்ணை எடுக்க முடியாது, தொலைக்காட்சித் தொடரில் வந்தவன் அப்படியே வந்து நிற்கிறான். ஆனால் அந்த வழவழப்பான உடலுக்குள் லாரி முழுக்கத் துண்டு துண்டாக மடிந்து ஒளிந்திருக்கிறது. மெல்லிய தகடுகள், ஒன்றுக்குப் பின் ஒன்றாக. வரிசை ஒன்று தப்பினால் தகடும் தகடும் இடிக்கும். மாற்றி முடித்ததும் நிம்மதிதான் வந்தது, மறுபடி மாற்றத் தோன்றவில்லை. மறுபடி மாற்றத் தோன்றாத உருமாறும் பொம்மைக்கு, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், நான் முழு மதிப்பெண் கொடுக்க மாட்டேன். சிலையாக நிறுத்த மட்டும் வேண்டுமென்றால் உருமாறாத பொம்மைகளிலேயே இதைவிட நல்ல முகமும் உடலும் கிடைக்கும்.

அடுத்து எர்த்ரைஸ். ஏழு அங்குலம், உலோகம் கிடையாது, முழுக்கப் பிளாஸ்டிக். பெட்டியில் 8 வயதுக்கு மேல் என்று போட்டிருக்கும், மாஸ்டர்பீஸுக்கு 15. இந்த வயது வித்தியாசத்தில்தான் இரண்டு பொம்மைகளின் நோக்கமும் அடங்கியிருக்கிறது. இதற்கு முந்தைய வருடத்து சீஜ் வரிசையில் போரில் அடிபட்டதுபோல் கறையும் கீறலும் தீட்டி வைத்திருந்தார்கள், எனக்குப் பிடிக்கவில்லை. எர்த்ரைஸில் அதைத் துடைத்துவிட்டு சுத்தமான சிவப்பும் நீலமும் கொடுத்தது நல்ல முடிவு.

என் தங்கை மகளுக்கு ஒன்பது வயது. ஞாயிற்றுக்கிழமை ஜூரோங் வெஸ்ட் வீட்டுக்கு வந்தால் நேரே என் அலமாரிக்குத்தான் போவாள். எர்த்ரைஸைக் கையில் கொடுத்து, செய்முறைத் தாளை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். முதலில் கைகளைச் சுற்றிப் பார்த்தாள், பிறகு கால்களைச் சேர்த்தாள், "பெரியம்மா, தலை எங்க போகும்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "தேடு, வழி இருக்கு" என்றேன். கண்டுபிடித்துவிட்டாள். நல்ல உருமாற்றம் இப்படித்தான் இருக்க வேண்டும். பாகம் எந்தப் பக்கம் மடங்கும் என்பதை அதன் வடிவமே சொல்லிவிடுகிறது, விரல் வைக்க இடம் இருக்கிறது, தப்பான பக்கம் போனால் இடித்து நிறுத்துகிறது. எம்பி-10ஐ அவள் கையில் கொடுத்து இப்படி விட்டிருக்க மாட்டேன்.

மூட்டுகள் நன்றாகவே இருக்கின்றன. முழங்கால் இறுக்கம், கணுக்கால் உள்பக்கமாகச் சாயும், அதனால் கால் அகட்டி நின்றாலும் பாதம் தரையில் படியும். உடம்பெங்கும் 5 மில்லிமீட்டர் துளைகள். இந்த வரிசையின் ஆயுதப் பிடிகள் எல்லாம் அதே 5 மில்லிமீட்டர்தான் என்பதால் ஒருவனின் துப்பாக்கியை இன்னொருவன் முதுகில் மாட்டலாம். பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய சந்தோஷம் கிடையாது. எனக்குத் துளைகள் கண்ணை உறுத்தும், ஆனால் அவர்களுக்காகச் செய்த பொம்மையில் அவர்கள் பக்கம்தான் நிற்க வேண்டும்.

காசை எங்கே மிச்சம் பிடித்தார்கள் என்று கேட்டால், பாகங்களின் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள், வெறும் கூடு. வெளிப்பக்கம் மட்டும் சுவர், உள்ளே குறுக்கு விலா. எங்கள் தொழிலில் இது தெரிந்த சமாச்சாரம். தடிமனான சுவர் வார்த்தால் பிளாஸ்டிக் ஆறும்போது நடுவில் சுருங்கி மேற்பரப்பில் பள்ளம் விழும், அச்சில் ஆறவும் நேரம் பிடிக்கும், நேரம் என்றால் காசு. மெல்லிய சுவரும் விலாவும் வைத்தால் இரண்டு பிரச்சினையும் தீரும். அது தவறான வழி இல்லை. அந்தக் கூடு வெளியே தெரியும் இடத்தில் வந்துவிடக் கூடாது, அவ்வளவுதான் என் எதிர்பார்ப்பு. எர்த்ரைஸில் சில கோணங்களில் தெரிகிறது. மாஸ்டர்பீஸில் அதை மூட ஒரு தகடு சேர்த்திருப்பார்கள். விலை வித்தியாசத்தில் பெரிய பங்கு அப்படிப்பட்ட தகடுகளுக்குத்தான் போகிறது.

மூன்றாவது மிஸ்ஸிங் லிங்க். யோசனையே அருமை. 1984 பொம்மையின் வெளித்தோற்றத்தை வைத்துக்கொண்டு, அன்றைக்கு இல்லாத மூட்டுகளை உள்ளே நுழைத்திருக்கிறார்கள். இடுப்பும் முழங்காலும் இப்போது தனித்தனியாக அசையும். அசலில் கையைத் தூக்கலாம், மற்றபடி நேராக நிற்பான். இவன் ஓடுவதுபோல் நிற்கிறான், ஒரு முழங்கால் ஊன்றுகிறான், முகம் மட்டும் அதே பழைய முகம். உலோக பாகங்களும் உண்டு, பெட்டி வண்டியும் குட்டி வண்டி ரோலரும் கூடவே வருகின்றன. பெட்டி வண்டி இல்லாமல், தொலைக்காட்சித் தொடரின் தோற்றத்தில் சி-02 என்றும் ஒன்று விற்கிறார்கள். வாங்கும்போது எண்ணைச் சரிபாருங்கள்.

இதை மாற்றும்போது கைக்குத் தனி சுகம். உலோகமும் பிளாஸ்டிக்கும் சேரும் இடத்தில் இறுக்கம் சீராக இருக்கிறது. படிகள் குறைவு, ஒவ்வொரு படியிலும் வடிவம் பெரிதாக மாறுகிறது. மாஸ்டர்பீஸில் நாலு தகட்டை மடக்கி வாங்கும் மாற்றத்தை இதில் ஒரே அசைவு தந்துவிடுகிறது. ஆனால் ஒன்றை நேராகச் சொல்ல வேண்டும். 1984 பொம்மையோடு எந்த உறவும் இல்லாதவர் இந்த விலை கொடுத்து இதை வாங்கத் தேவையில்லை. பழைய பொம்மையின் விகிதங்களை, அதன் அகன்ற கால், சின்னத் தலை எல்லாவற்றையும் நேசிக்கிறவர்களுக்காகச் செய்தது. நான் நேசிக்கிறேன், அதனால் கொடுத்த காசுக்கு வருத்தமே இல்லை.

இனி, வெளிநாட்டு விமர்சனங்களில் நான் தேடியும் போதிய அளவு காணாத விஷயம், நம் ஊர்க் காற்று. இங்கே ஈரப்பதம் வருடம் முழுக்கச் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல். குளிர்நாட்டில் முப்பது வருடம் அலமாரியில் நின்ற பொம்மை இங்கே அப்படியே நிற்கும் என்று நினைக்காதீர்கள். மூட்டுகளில் ஊடுருவிப் போகும் இரும்பு பின்கள் முதலில் மங்கும், பிறகு துருப்பிடிக்கும், துரு பக்கத்துப் பிளாஸ்டிக்கில் கறையாக இறங்கும். பழைய ஒட்டுப்படங்களின் ஓரம் எழும்பும். உலோக பாகத்தில் பெயிண்ட் உரிந்த இடம் இருந்தால் அரிப்பு அங்கிருந்து வேலையை ஆரம்பிக்கும். மிஸ்ஸிங் லிங்க் போன்ற உலோகம் கலந்த பொம்மையை வாங்கும் சிங்கப்பூர்க்காரர் அலமாரிக்குள் ஈர உறிஞ்சிப் பொட்டலமாவது வைக்க வேண்டும். கேமரா வைத்திருப்பவர்கள் பயன்படுத்தும் டிரை கேபினெட் இருந்தால் 50 சதவீதத்தைச் சுற்றி வைத்தால் போதும்.

அதே சமயம் காற்றே புகாமல் பையில் கட்டியும் வைக்காதீர்கள். மென்மையான ரப்பர் டயரிலும் வளையும் பாகங்களிலும் மென்மைக்காகச் சேர்த்த எண்ணெய் போன்ற பொருள் வெப்பத்தில் மெல்ல வெளியே கசியும். மூடிய பைக்குள் அது போக வழியில்லாமல் மேலேயே பிசுபிசுவென்று தங்கும். அந்த டயர், கண்ணாடிபோல் தெளிந்த பிளாஸ்டிக் பாகத்தில் ஒட்டிக்கொண்டே இருந்தால் அந்த இடம் இளகிப் பள்ளமாகிவிடும். பழைய பொம்மைகளைப் பெட்டிக்குள் லாரியாக மடித்து வைக்கும்போது டயர் எதன்மேல் அழுந்துகிறது என்று பார்த்து, நடுவில் சாதாரண வெள்ளைத் தாள் ஒன்றைச் செருகுங்கள். மேற்கு பார்த்த ஜன்னல் பக்கம் அலமாரியை வைக்கவே வேண்டாம். வெள்ளைப் பிளாஸ்டிக் மஞ்சளாவதைத் திருப்பி எடுப்பது பெரும்பாடு. 1980களின் ஜெட்ஃபயர் பொம்மைகளை வெள்ளை வெளேரென்று பார்ப்பது இன்று அபூர்வம், காரணம் இதுதான்.

தங்க நிற மினுமினுப்பு கலந்த பழைய பிளாஸ்டிக்கைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். பிளாஸ்டிக்கிலேயே தங்கத் துகள் சுழல் சுழலாகத் தெரிந்தால், அது 80களின் கடைசியிலோ 90களிலோ வந்ததாக இருந்தால், மாற்றாதீர்கள். அந்தக் கலவை வருடம் போகப் போக உடையும் தன்மைக்கு வந்துவிடும், பிளாக் ஸாரக் என்ற பழைய ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மை அதற்குப் பேர்போனது. இந்த மூன்று ஆப்டிமஸுக்கும் அந்தப் பயம் இல்லை.

மூட்டு தளர்ந்தால் நிறமில்லாத நகப்பூச்சை பந்து மூட்டின் மேல் மெல்லியதாகப் பூசி, நன்றாகக் காயவிட்டு, பிறகு மாட்டுங்கள். மூட்டு அதிகமாக இறுகினால் சிலிக்கான் கிரீஸ் ஒரு பொட்டு. வீட்டில் கதவுக்கு அடிக்கும் எண்ணெயைத் தொடவே வேண்டாம். சில எண்ணெய்கள் அழுத்தத்தில் இருக்கும் பிளாஸ்டிக்கில் நுழைந்து கண்ணுக்குத் தெரியாத விரிசலை வளர்த்துவிடும். தொழிற்சாலையில் அப்படிப் பிளந்த பாகங்களைப் பார்த்திருக்கிறேன், பிளப்பு கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். நிறமற்ற கண்ணாடி பாகத்தின் வழியாகப் பின் போகும் மூட்டு இருந்தால் இரட்டைக் கவனம். ஏபிஎஸ் வெளுத்துக் காட்டி எச்சரிக்கும், கண்ணாடி பாகம் எச்சரிக்காமல் உடையும்.

எங்கே வாங்குவது? புதுசு என்றால் விவோசிட்டி டாய்ஸ் ஆர் அஸ், ஆர்ச்சர்டு ரோடு தகாஷிமாயா, தேக்கா பக்கம் போனால் முஸ்தபாவின் பொம்மைப் பகுதி. எர்த்ரைஸ் போன்ற பழைய வரிசைகள் கடையில் இருப்பது அதிர்ஷ்டம், பெரும்பாலும் பழைய பொருள்களை விற்கும் கேரோசல் செயலியில்தான் தேட வேண்டும். கடையில் வாங்கும்போது பெட்டியின் வகையையும் பாருங்கள். பிளாஸ்டிக்கைக் குறைக்கிறோம் என்று 2022ல் ஹாஸ்ப்ரோ ஜன்னல் இல்லாத பெட்டிகளை இறக்கியது, பிற்பாடு ஜன்னல் திரும்பி வந்தது. நோக்கம் நல்லது. ஆனால் மறைப்பே இல்லாமல் முன்பக்கம் திறந்திருந்த பெட்டிகளில் யார் வேண்டுமானாலும் கை வைக்கலாம். நகர மையத்தில் ஒரு கடையில் நான் எடுத்த பெட்டியில் துப்பாக்கி இருக்க வேண்டிய இடத்தில் அறுந்த காகிதக் கயிறு மட்டும் இருந்தது. காசு கொடுக்கும் முன் கடைக்காரர் முன்னிலையிலேயே உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் எண்ணிப் பாருங்கள்.

ஜப்பானிலிருந்து நேராக வரவழைப்பதானால் பொருள், சேவை வரியையும் கணக்கில் சேருங்கள். 2023 ஜனவரி 1 முதல், வான்வழியாகவோ அஞ்சலிலோ வரும் 400 வெள்ளி வரையிலான பொருள்களுக்கும், விற்பவர் இங்கே வரிக்குப் பதிவு செய்தவராக இருந்தால், வாங்கும்போதே வரி போட்டுவிடுவார்கள். 400 வெள்ளியைத் தாண்டினால் இங்கே வந்திறங்கும்போது கட்ட வேண்டும். 2024லிருந்து வரி 9 சதவீதம். மிஸ்ஸிங் லிங்க் போன்ற பெரிய பெட்டிக்கு அனுப்பும் செலவும் சேரும், உள்ளூர் விற்பனையாளரின் விலை முதலில் அதிகமாகத் தெரிந்தாலும் கூட்டிக் கழித்தால் சில சமயம் அதுவே மலிவு.

எம்பி-10ல் பெரிய தொல்லை போலிகள். இவ்வளவு பேர் விரும்பும் பொம்மையை நகலெடுக்காமல் விடுவார்களா? அசல் பாகத்தை அளந்து அச்சு செய்தால் அதிலிருந்து வரும் பாகம் அசலைவிடக் கொஞ்சம் சிறியதாக வரும், ஏபிஎஸ் ஆறும்போது 0.4 முதல் 0.7 சதவீதம் வரை சுருங்கும் என்பதால். அந்தச் சுருக்கத்துக்கு ஈடாக அச்சைப் பெரிதாக்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு முளைக்கும் ஒவ்வொரு குழிக்கும் தனித்தனியாகத் திருத்த வேண்டும், அந்தப் பொறுமை மலிவு விலையில் கிடைக்காது. அதனால் போலியில் ஒரு கால் கல்லாக இறுகும், இன்னொரு கால் தொளதொளக்கும். ஒரே பொம்மையில் இரண்டும் இருந்தால் சந்தேகப்படுங்கள். அச்சின் இரண்டு பாதியும் சேரும் கோட்டில் நகத்தால் நீவிப் பாருங்கள். பிசிறு விரலில் தட்டினால் அது தரம் பார்க்காமல் வெளியே விட்ட பாகம். பெட்டி எழுத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், பெட்டியை நகலெடுப்பது பொம்மையை நகலெடுப்பதைவிட எளிது.

நேரில் சந்திக்காமல் பழைய எம்பி-10 வாங்கவே மாட்டேன். செங்காங் எம்ஆர்டி நிலையத்தில், நுழைவாயிலுக்கு வெளியே இருக்கும் இருக்கையில், ஒரு தமிழ்ப் பையனிடம் ஒன்று பார்க்கப் போனேன். "தம்பி, ஒரு தடவை லாரியா மாத்திக் காட்டுறீங்களா?" என்றேன். "அக்கா, நீங்களே மாத்திப் பாருங்க, எனக்கு அவசரமில்ல" என்று பொம்மையை என் கையிலேயே கொடுத்துவிட்டு ஒதுங்கி உட்கார்ந்தான். கால்கள் சேர்ந்தன, முளை கடைசி அரை மில்லிமீட்டரில் இறுகியது, முன்பக்கத்தைப் பிடித்துத் தூக்கினேன், பின்பக்கம் தொங்கவில்லை. அவன் சொன்ன விலைக்குப் பேரம் பேசாமல் கொடுத்தேன், அதுவே தோழி ஒருத்திக்கு நான் வாங்கிக் கொடுத்த எம்பி-10. பொம்மையை மாற்றிப் பார்க்க விடாத விற்பனையாளரிடம், அவர் சொல்லும் காரணம் எவ்வளவு நியாயமாக இருந்தாலும், நான் பணம் கொடுப்பதில்லை.

மூன்றில் ஒன்றுதான் முடியும் என்பவருக்கு என் பதில் எர்த்ரைஸ். பொறியியலில் எம்பி-10 ஒரு படி மேலே இருந்தும் இப்படிச் சொல்கிறேன். போலி பயம் குறைவு, உடைந்தால் இன்னொன்று தேடலாம், வீட்டுப் பிள்ளை கையில் கொடுத்து அடுத்த அறைக்குப் போகலாம். ஏற்கெனவே பத்துப் பதினைந்து பொம்மைகள் வைத்திருப்பவர், மூட்டுக்கும் முளைக்கும் காசு கொடுக்கத் தயங்காதவர், எம்பி-10க்குப் பொறுமையாகக் காத்திருந்து நல்லதாக ஒன்று கிடைத்தால் எடுங்கள். மிஸ்ஸிங் லிங்கைப் பொறுத்தவரை, 1984 முகத்தைப் படத்தில் பார்த்ததும் உங்களுக்கு உடனே வேண்டும் போலிருந்தால் சி-01ஐப் பெட்டி வண்டியோடு வாங்குங்கள், அலமாரியில் இடம் குறைவென்றால் சி-02 போதும். எதை எடுத்தாலும் அலமாரியின் எந்தத் தட்டு, ஜன்னல் எந்தப் பக்கம் என்பதை வாங்குவதற்கு முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.